கிளிப்பா, அலைனரா?

பல் வரிசையைச் சரிசெய்ய இன்று முக்கியமாக இரண்டு வழிகள்: பல்லில் ஒட்டிக் கம்பி மாட்டும் கிளிப், பல் மேல் உறைபோலக் கழற்றி மாட்டக்கூடிய, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் அலைனர்.

பள்ளிப் பிள்ளைக்கு என்றால் கிளிப்தான் என் தேர்வு. பல்லோடு ஒட்டியிருப்பதால் இரவும் பகலும் வேலை செய்யும். அலைனரோ ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டுமே கழற்றலாம். மதியம் கழற்றி டிஃபன் டப்பா மூடியில் வைத்துவிட்டு, அப்படியே மறந்து வரும் பிள்ளைகள் உண்டு. நன்றாகத் திரும்பிப்போன கோரைப்பல்லை நேராக்கவும் கம்பிக்குத்தான் பிடி அதிகம்.

கிளிப்பில் கஷ்டமும் இருக்கிறது. இறுக்கியதும் இரண்டு மூன்று நாளைக்கு இட்லி, ரசம் சோறு என்று ஓட்ட வேண்டியதுதான். முறுக்கு, கடலை மிட்டாயைக் கடித்தால், கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் பெயர்ந்துவிடும். கம்பி கன்னத்தில் குத்தினால், மருத்துவர் தரும் மெழுகைச் சிறு உருண்டையாக்கி அதன் மேல் அப்பிக்கொள்ளலாம்.

வேலைக்குப் போகிறவர்கள், பல் இடைவெளி லேசாக இருப்பவர்கள் அலைனர் எடுக்கலாம். செலவு பெரும்பாலும் கூடுதல். எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டுக்கே அனுப்பிவைக்கும் அலைனரை மட்டும் வாங்காதீர்கள்.

எதுவானாலும் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்தவரிடமே போங்கள், படிப்பைத் தயங்காமல் கேளுங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. செலவு குறைவு, காத்திருக்கப் பொறுமை வேண்டும். அப்புறம், சிகிச்சை முடிந்ததும், நேரான பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் கிளிப், அலைனர் இரண்டுக்குமே கட்டாயம். போடாவிட்டால் பற்கள் பழைய இடத்தை நோக்கி நகரத் தொடங்கிவிடும்.