அம்மாவின் ராத்திரிக்காக வாங்கிய பேட்டரி: பட்டர்வொர்த்தில் ஒரு சோலார் அனுபவம்

அம்மாவுக்கு 81 வயது. இரண்டு வருடமாக இரவில் ஆக்சிஜன் மெஷின் போட்டுத்தான் தூங்குகிறார். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) பழையது. பலத்த மழை பெய்தால் எங்காவது ஒரு மரம் கம்பியில் சாயும், கரண்ட் போகும். மெஷின் நின்றால் மாற்றிக்கொள்ள ஒரு சிலிண்டர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நடுராத்திரி இருட்டில், கை நடுங்க, சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். அதனால்தான் சோலாரும் பேட்டரியும் போட முடிவு செய்தேன். கரண்ட் பில் எனக்கு இரண்டாவது காரணம்தான்.

போட்டுக் கொடுத்தது புக்கிட் மெர்தாஜாமில் உள்ள ஒரு சிறிய நிறுவனம். 580 வாட் பேனல் ஒன்பது, பேனல், பேட்டரி, வெளிக்கம்பி மூன்றையும் சேர்த்து ஓட்டும் 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர், 5.12 யூனிட் கொள்ளும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று. எல்லாம் சேர்த்து 28,800 வெள்ளி (ரிங்கிட்), அதில் பேட்டரிக்கு மட்டும் 9,000. நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் செய்த ஒரு தவறை விவரமாக எழுதப் போகிறேன். அதை அவர்களே வந்து சரிசெய்தும் கொடுத்தார்கள். பெயர் தெரிவதைவிட, அந்தத் தவறு என்ன என்று தெரிவதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் காஜாங்கில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக் கதை. அங்கே பேனல் மட்டும்தான், பேட்டரி கிடையாது. ஒரு நாள் மத்தியானம் அங்கே கரண்ட் போனது. மேலே கூரையில் வெயில் கொளுத்துகிறது, பேனல் பளபளக்கிறது, வீட்டுக்குள் மின்விசிறி ஓடவில்லை. அண்ணி எனக்குப் போன் போட்டு, "பேனல் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். கெடவில்லை. பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர், வெளிக்கம்பியில் கரண்ட் இல்லையென்றால் தானாகவே நின்றுவிடும். அப்படி நிற்காவிட்டால் நம் கூரையில் உண்டாகும் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய், அதைப் பழுது பார்க்க ஏறியிருக்கும் தொழிலாளியைத் தாக்கும். சட்டமும் அப்படித்தான், நியாயமும் அதுதான். ஆனால் விற்க வருகிறவர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. நான் மூன்று இடத்தில் விலை கேட்டேன். இரண்டு இடத்தில் கடைசி வரை கூரையைப் பற்றியும் பில்லைப் பற்றியும் மட்டும்தான் பேச்சு. "கரண்ட் போனால் எது ஓட வேண்டும்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. புக்கிட் மெர்தாஜாம்காரர்கள்தான் கேட்டார்கள். அதற்காகவே அவர்களிடம் கொடுத்தேன்.

கூரை வேலை நன்றாக இருந்தது, குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக் கூரை முன்பக்கம் கிழக்கு, பின்பக்கம் மேற்கு. ஒன்பது பேனலையும் பின்பக்கமே போடலாம் என்று விற்பனைத் தம்பி சொன்னார். பின்வீட்டு மாமரத்தின் நிழல் மூன்றரை மணிக்கு அந்தப் பக்கம் விழும் என்று காட்டியதும், கிழக்கே ஐந்து, மேற்கே நான்கு என்று பிரித்து, இன்வெர்ட்டரில் இரண்டு தனித்தனி வரியாக இணைத்தார்கள். ஒரே வரியில் கோத்திருந்தால் நிழல் விழுந்த பேனல் மற்றவற்றையும் இழுத்துப் பிடிக்கும். கூரையில் ஏறியவர்கள் நம் பையன்கள் இருவர். ஓடு உடைந்தால் மாற்ற என்று கையோடு பத்து ஓடு கொண்டு வந்திருந்தார்கள். மூன்று உடைந்தது, மூன்றையும் மாற்றிவிட்டுத்தான் இறங்கினார்கள். இடி மின்னலுக்கான சர்ஜ் தடுப்பான், எர்த் கம்பி இரண்டையும் நான் கேட்காமலே விலைப்பட்டியலில் சேர்த்திருந்தார்கள். இந்த ஊர் இடிக்கு அது இல்லாமல் போடவே கூடாது.

பேட்டரியை எங்கே மாட்டுவது என்பதில்தான் முதல் வாக்குவாதம். கார் நிறுத்தும் இடத்துச் சுவரில், கீழே, தரையை ஒட்டி மாட்டலாம் என்றார்கள். வயர் நீளம் குறையும், பார்க்கவும் அழகு. ஆனால் அந்தச் சுவரில் மத்தியானத்திலிருந்து மாலை வரை வெயில் நேராக அடிக்கும். லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் சூட்டுக்கு முதலிடம். 25 டிகிரி சுற்றி இருந்தால் அது நிம்மதியாக இருக்கும், 40-க்கு மேல் தினமும் வெந்தால் சொன்ன ஆயுள் வராது. அடுத்தது தண்ணீர். 2017 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. அந்தக் கறை கதவுச் சட்டத்தில் இன்றும் லேசாகத் தெரிகிறது. அதைக் காட்டினேன். டெக்னீஷியன் தம்பி குனிந்து, அளவுநாடா வைத்துப் பார்த்தார். "அக்கா, இதுக்கு மேலே ரெண்டு அடி தள்ளி வைப்போம்" என்றார். பக்கவாட்டில் நிழல் விழும் சுவர், மேலே சிறிய கூரைத் தகடு, சுற்றிலும் காற்று போக இடம். வயருக்குக் கூடுதலாக 350 வெள்ளி கொடுத்தேன். அது வீண் செலவு இல்லை. படிக்கட்டுக்கு அடியில் மாட்ட வேண்டாம் என்றும் அவரே சொன்னார். ஏதாவது ஆனால் வெளியே ஓடும் வழி அதுதான் இல்லையா.

அப்புறம் டி.பி. பெட்டி, அதாவது வீட்டு சர்க்யூட்டுகள் பிரியும் சுவிட்ச் பெட்டி. எந்த சர்க்யூட்டெல்லாம் பேட்டரியில் ஓட வேண்டும் என்று பிரித்து, அதற்குத் தனியாக ஒரு சிறிய பெட்டி வைக்க வேண்டும். அவர்கள் முதலில் போட்ட வரைபடத்தில் கீழ்த்தளம் முழுவதும் பேட்டரிப் பக்கம் இருந்தது. குளியலறை வாட்டர் ஹீட்டர் உட்பட. அது ஒன்றே 3,600 வாட் இழுக்கும். ராத்திரி கரண்ட் போன நேரத்தில் யாராவது மறந்து அதைப் போட்டு, கூடவே கெட்டிலும் கொதித்தால், இன்வெர்ட்டர் தாங்காமல் நின்றுவிடும். அதோடு அம்மாவின் மெஷினும் நிற்கும். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 27 வருடம் வேலை செய்தவள். பலகையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வேலை பார்த்த பழக்கம் விடவில்லை. வீடு முழுக்க நடந்து, ஓட வேண்டிய பாயிண்டுகளில் மட்டும் சிவப்பு வட்டம் ஒட்டினேன்: அம்மா அறையின் இரண்டு பிளக் பாயிண்டும் மின்விசிறியும், நடையில் ஒரு விளக்கு, வைஃபை, குளிர்சாதனப் பெட்டி. வேறு எதுவும் இல்லை. ஏர்கோனைக்கூட விட்டுவிட்டேன். வயர்மேன் அதைப் பார்த்துத்தான் மறுபடி வரைந்தார்.

இனி அந்தத் தவறுக்கு வருகிறேன்.

செப்டம்பரில் எல்லாம் முடிந்தது. 2025 ஜூன் 30-இல் பழைய நெட் மீட்டரிங் திட்டம் மூடுவதற்கு முன்பே விண்ணப்பம் போட்டிருந்ததால், ஒரு யூனிட் வெளியே அனுப்பினால் ஒரு யூனிட் கழியும் கணக்கு எங்களுக்குப் பத்து வருடத்துக்கு உண்டு. அக்டோபரில் ஒரு ராத்திரி, சரியாக மூன்று மணிக்கு, பெரிய இடி. கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது, மெஷின் ஒரு முறை பீப் அடித்துவிட்டுத் தொடர்ந்து ஓடியது. அம்மா விழிக்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா போனில் ஆப்பைத் திறந்து பார்த்தேன். பேட்டரி 24 சதவீதம். முதல் நாள் முழுக்க நல்ல வெயில், சாயங்காலம் 100 இருந்ததை நானே பார்த்தேன். நாலு இருபதுக்குப் பேட்டரி 10 சதவீதத்துக்கு இறங்கி நின்றது. அதற்குள் சிலிண்டருக்கு மாற்றியிருந்தேன். ஐந்து இருபதுக்குத்தான் கரண்ட் வந்தது.

காலையில் கேட்டால், இன்வெர்ட்டரைச் சுயபயன்பாட்டு முறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதாவது சூரியன் மறைந்ததும் வீட்டுக்கு வேண்டிய கரண்ட்டை முதலில் பேட்டரியிலிருந்து எடுத்து, 20 சதவீதம் மட்டும் மிஞ்சும் வரை காலி செய்துவிடும். கரண்ட் பில்லைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு அது பொருத்தம். எனக்கு அதனால் ஒரு சென்கூட லாபமில்லை. ஒன்றுக்கு ஒன்று கழிகிற கணக்கில், பகலில் சேமித்து ராத்திரி எடுப்பதும், பகலில் வெளியே அனுப்பி ராத்திரி திரும்ப வாங்குவதும் பில்லில் ஒன்றுதான். சேமித்து எடுக்கும்போது வழியில் கொஞ்சம் வீணாவதுதான் மிச்சம். அம்மாவுக்காக என்று சொல்லித்தான் வாங்கினேன், அதை எழுதியும் கொடுத்தேன். எழுதியது விற்பனைத் தம்பியிடம் இருந்தது, கூரையில் ஏறிய பையன்களுக்குப் போய்ச் சேரவில்லை. இது சின்ன விஷயம் இல்லை, முதலாளியிடம் அப்படியே சொன்னேன். அவர் சாக்குச் சொல்லவில்லை. அன்று மத்தியானமே ஆள் அனுப்பி, கரண்ட் போகும் நேரத்துக்காகப் பேட்டரியை நிரப்பியே வைத்திருக்கும் பேக்கப் முறைக்கு மாற்றினார். இப்போது புதிதாகப் போடும் வீடுகளில் இதை ஒரு தாளில் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் இயக்குகிறார்களாம்.

அதற்குப் பிறகு நானே ஒரு சோதனை செய்தேன். பேட்டரி வாங்கும் எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்பேன். விற்பனைத் தம்பி, மெஷின் 350 வாட், பேட்டரி 5.12 யூனிட், அதனால் 14 மணி நேரம் வரும் என்று வகுத்துச் சொல்லியிருந்தார். பிளக்கில் மாட்டும் சிறிய மீட்டர் வாங்கி அளந்தேன். மெஷின் 330 வாட், மின்விசிறி 55, விளக்கும் வைஃபையும் 20. இதோடு யாரும் சொல்லாத ஒன்று: இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே ஏறக்குறைய 60 வாட் தின்கிறது. ஆக 465. பேட்டரியில் கடைசி 10 சதவீதத்தைத் தொட முடியாது, மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போகும். கைக்கு வருவது 4.3 யூனிட் அளவுதான். ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, தம்பி மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். காலை ஆறு பத்துக்கு நின்றது. ஒன்பது மணி பத்து நிமிடம்.

இதில் ஒரு இடைவெளி இருக்கிறது. இங்கே சூரியன் ஏழே காலை ஒட்டித்தான் உதிக்கும். பேனலில் 500 வாட் அளவுக்கு வர எட்டு மணி ஆகிவிடும். வந்துவிட்டால், வெளியே கரண்ட் இல்லாவிட்டாலும் இந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் வெயிலைக் கொண்டே வீட்டை ஓட்டும். ஆக ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் விடிந்தும் வராத ஒரு நாள் வந்தால், ஆறு பத்திலிருந்து எட்டு வரை சிலிண்டர்தான். சிலிண்டரை வீட்டை விட்டு அனுப்பவில்லை. இன்னொரு பேட்டரி சேர்க்கலாம், இன்வெர்ட்டரில் இடம் இருக்கிறது. இப்போதைக்குப் பணம் இல்லை.

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதம் 780 யூனிட் சுற்றி ஓடும் வீடு. பழைய கட்டணத்தில் 330 வெள்ளி வரும். இப்போது 60-க்கும் 90-க்கும் நடுவில் வருகிறது. நல்ல வெயில் நாளில் 20 யூனிட்டுக்கு மேல், அக்டோபர் மழை நாளில் ஏழு, எட்டு. பேனலுக்குப் போட்ட பணம் ஏழு வருடத்துக்குள் திரும்பிவிடும். பேட்டரிக்குப் போட்டது திரும்பாது, திரும்ப வேண்டும் என்று நான் வாங்கவும் இல்லை. ஆனால் இனிமேல் போடுகிறவர்களின் கணக்கு வேறு. 2026 ஜனவரியிலிருந்து வந்திருக்கும் சோலார் அடாப் என்ற புதிய திட்டத்தில், வெளியே அனுப்பியதில் ஒரு மாதம் மிஞ்சியது அடுத்த மாதத்துக்கு வராது. அதனால் கூரை நிறையப் பேனல் போடச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பகலில் யார் வீட்டில் இருக்கிறார்கள், துணி துவைக்கும் மெஷினையும் இஸ்திரியையும் மத்தியானத்துக்கு மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள்.

இப்போது நான் வைத்திருக்கும் அமைப்பு இது. மழை பலக்கும் மாதங்களில் பேட்டரியை 100-இலேயே காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். வறண்ட ஜனவரி, பிப்ரவரியில் 80-க்கு இறக்கினேன், எப்போதும் நிரம்பியே கிடப்பதும் அதற்கு நல்லதில்லை என்று டெக்னீஷியன் தம்பி சொன்னார். கடந்த மாதம் ஒரு ராத்திரி மறுபடியும் கரண்ட் போனது. பதினொன்றரைக்குப் போய் இரண்டேகாலுக்கு வந்தது. பேட்டரி 97-இலிருந்து 66-க்கு இறங்கியிருந்தது, குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்து. காலையில் சொன்னபோது, "அப்படியா, எனக்கு ஒன்றும் தெரியாதே" என்றார் அம்மா.