மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் பார்வையில் ஓர் எலும்பு நல இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு

மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழத் தொடங்கி எனக்கு இது இரண்டாவது ஆண்டு. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவு சீராக இருந்தபோதும், எலும்பையும் கண்காணிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால், ஓர் ஆய்வகம் வழங்கும் எலும்பு நலத் தொகுப்பை இதுவரை மூன்று முறை எடுத்திருக்கிறேன். இரத்தத்தின் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் கழுத்துச் சுரப்பிகளான பாராதைராய்டு சுரப்பிகள் டயாலிசிஸ் காலத்தில் பருத்துப்போனால், புதிய சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும்போதும் உடனே அடங்கிவிடுவதில்லை. அதனால் இரத்தத்தில் கால்சியம் ஏறவும் பாஸ்பரஸ் இறங்கவும் கூடும். ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்துகொள்வதால், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் 6 முதல் 12 மாதங்களில்தான் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைகிறது.

இரத்தம் எடுக்கும் பணியில் இந்த ஆய்வகத்தை மனதாரப் பாராட்டுகிறேன். வந்த இளைஞர் டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலா உள்ள கையைத் தொடவே இல்லை. ஊசி ஏறி இரத்தம் வரத் தொடங்கியதும் கையில் கட்டிய பட்டையைத் தளர்த்தினார். நெடுநேரம் இறுக்கிக் கட்டினால் கால்சியம் கூடுதலாகக் காட்டும். “முடி கொட்டாமலிருக்க ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா சார்?” என்று அவர் கேட்டபோதுதான், அத்தகைய மாத்திரைகளில் உள்ள பயோட்டின் சில பரிசோதனை முறைகளில் பாராதைராய்டு ஹார்மோன் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பது எனக்குத் தெரிந்தது. காலை மருந்துக்கு முன் வெறும் வயிற்றில் எடுத்ததால், உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காமலிருக்க எடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவுக்கும் அதே ஊசி போதுமாயிற்று.

குறை அறிக்கையில்தான் இருக்கிறது. எலும்புத் தேய்மானத்தைக் காட்டும் சி.டி.எக்ஸ். அளவு உயர்ந்திருப்பதாகச் சிவப்பில் அச்சிட்டிருந்தார்கள். அன்றிரவு நான் தூங்கவில்லை. சி.டி.எக்ஸ். சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது என்பதால், சிறுநீரகச் செயல்திறன் சற்றே குறைந்தவர்களுக்கும் அந்த எண் உயர்ந்தே தெரியும் என்று மறுநாள் மருத்துவர் விளக்கினார். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கென்றே விற்கும் தொகுப்பில் இந்த ஒரு வரிக் குறிப்பு இல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை. எலும்பு உருவாவதைக் காட்டும் நொதியான, எலும்புக்கே உரிய அல்கலைன் பாஸ்படேஸ் சிறுநீரகத்தின் செயல்திறனைப் பொறுத்து மாறுவதில்லை. இருந்தும் அது இத்தொகுப்பில் இல்லை.

முந்தைய முடிவுகளை அருகருகே அச்சிட்டுத் தருவது, என் மதிப்பீட்டில், இத்தொகுப்பின் மிகப் பயனுள்ள அம்சம். சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ.வின் வழிகாட்டுதலும், ஒற்றை எண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல், கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் ஆகிய மூன்றின் போக்கையும் சேர்த்துப் பார்க்கவே சொல்கிறது. என் பாராதைராய்டு ஹார்மோன் இன்னும் இயல்பு வரம்புக்கு வரவில்லை. ஆனால் மூன்று முறையும் படிப்படியாக இறங்கியிருப்பதைப் பார்த்துத்தான் மருத்துவர் புதிய மருந்து எதையும் எழுதவில்லை.

அடுத்த முறையும் இங்கேதான் கொடுப்பேன். மருத்துவரின் யோசனைப்படி சி.டி.எக்ஸை விட்டுவிட்டு, எலும்புக்குரிய அல்கலைன் பாஸ்படேஸைத் தனியாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.