பழி ஓரிடம், பழுது வேறிடம்: 11 வயது ஏஎம்டி வண்டியோடு நான்

என் சின்ன வண்டிக்கு வயது 11. ஓடியது 94,000 கிலோமீட்டர். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து கிளட்ச் மிதிப்பது எனக்கு ஆகாது. அதனால்தான் ஏஎம்டி, அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார், வாங்கினேன். முதல் 7 வருடத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஒழுங்காக ஓடியது. அப்புறம் வந்த 4 வருடத்தில் 4 முறை கியர் பக்கம் கோளாறு, அதில் இரண்டு முறை பெரிய பாகத்தையே மாற்றணும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் இன்றுவரை அந்தப் பெட்டியை யாரும் பிரிக்க வேண்டி வரவில்லை. ஆகவே இதை வண்டியைப் பற்றிய விமர்சனமாகவும், அதைப் பார்த்த இரண்டு ஒர்க்‌ஷாப்களைப் பற்றிய விமர்சனமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்டி பெயருக்குத்தான் ஆட்டோமேட்டிக். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸும் சாதாரண கிளட்ச் தட்டும்தான். நம் காலும் கையும் செய்கிற வேலையை ஆக்சுவேட்டர் என்ற ஒரு கருவி செய்கிறது. என் வண்டியில் இருப்பது ஹைட்ராலிக் வகை. ஒரு குட்டி மோட்டார் பம்ப் எண்ணெயை அழுத்தி, அக்குமுலேட்டர் என்கிற குப்பியில் சேர்த்து வைக்கும். அழுத்தம் 40 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் போகும். கார் டயரில் நாம் அடிப்பது 2 பார் சொச்சம் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் வலு புரியும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்ததும் "ங்ஙீ" என்று ஒரு சத்தம் வருமே, அது இந்தப் பம்ப்தான். அந்தச் சத்தம் பின்னால் மறுபடி வரும்.

முதல் தடவை, பிரேக்கை மிதித்து லிவரை நகர்த்தினால் டிஸ்பிளேயில் நியூட்ரல் எழுத்து மட்டும் மின்னி மின்னி நின்றது. கியர் விழவே இல்லை. பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கட்டி இழுத்துப் போனோம். ஆக்சுவேட்டரையே மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். எஸ்டிமேட் வண்டியின் இன்றைய விலையில் பாதி. மலைத்துப் போய்த் தம்பிக்குப் போன் போட்டேன். வந்தவன் வண்டிக்குப் பின்னால் போய் நின்றான். "அக்கா, பிரேக்கை மிதி" என்றான். மிதித்தேன். "மிதிக்கா" என்றான் மறுபடியும். நான் மிதித்துக்கொண்டுதான் இருந்தேன்! பின்னால் விளக்கு எரியவில்லை. பிரேக் பெடலுக்கு மேலே கட்டைவிரல் அளவில் இருக்கும் சுவிட்ச் செத்துப் போயிருந்தது. பிரேக் மிதித்த சேதி வராமல் கியர் கம்ப்யூட்டர் கியரை விடாது, அது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. சுவிட்ச் மாற்ற கால் மணி நேரம் ஆனது. விளக்கு எரிகிறதா என்று ஒருவர்கூடப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை என்பதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இரண்டாவது தடவை இன்னும் மோசம். சிக்னலில் நிற்கும்போது, அதுவும் ஏசி ஓடினால், திடீரென்று நியூட்ரலுக்குப் போய்விடும். அணைத்துப் போட்டால் சரியாகும். அடுத்த நாள் மறுபடி. அதே சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து பி0700 என்று ஒரு கோளாறு எண்ணைக் காட்டி, "கியர் கம்ப்யூட்டர் மாத்தணும்" என்றார்கள். பி0700 என்பது "கியர் பக்கம் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது, அங்கே போய்க் கேள்" என்று எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்கிற தகவல் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு பாகம் மாற்றுவது, காலிங் பெல் அடித்ததற்காக வீட்டையே இடிப்பது மாதிரி.

இரண்டாவது ஒர்க்‌ஷாப்புக்குப் போனது அப்போதுதான். ஒரே மெக்கானிக், ஒரு பையன், வோல்டேஜ் அளக்கிற பழைய மல்டிமீட்டர். முதலில் கியர் கம்ப்யூட்டருக்குள்ளேயே போய்ப் படித்தார். பி0562, வோல்டேஜ் குறைவு. பேட்டரியைப் பார்த்தார்: 12.6, குறையில்லை. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், இன்னொன்றை கியர் பாக்ஸின் உடம்பிலும் வைத்து என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். "அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாதுக்கா, பாருங்க." மீட்டரில் 1.4. எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, புது வயர் போட்டு முறுக்கினார். மீட்டர் 0.1 காட்டியது. பம்ப் மோட்டார் ஓடும்போது நிறையக் கரண்ட் இழுக்கும். அந்தக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற எர்த் வழி துருப்பிடித்திருந்தால் பாவம் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

மூன்றாவது கோளாறை நானே காதால் கண்டுபிடித்தேன். பம்ப் சத்தம் அடிக்கடி வர ஆரம்பித்தது. மெக்கானிக் சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், லிவரை நியூட்ரலுக்கும் கியருக்குமாக மாற்றி மாற்றி எண்ணச் சொன்னார். நாலைந்து மாற்றத்துக்கு ஒரு முறை ஓட வேண்டிய பம்ப், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடியது. அக்குமுலேட்டருக்குள் இருக்கும் நைட்ரஜன் போய்விட்டால் அழுத்தம் சேர்ந்து நிற்காது. அதை மட்டும் திருகிக் கழற்றி மாற்றினார். அப்படியே விட்டிருந்தால் அடுத்து பம்புக்குக் கரண்ட் விடுகிற ரிலேயும் பம்பும் எரிந்திருக்கும்.

நாலாவது கிளட்ச். அது என் தப்பு. ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைப்பேன். ஏஎம்டியில் அது கிளட்ச் தட்டைத் தேய்க்கிற வேலை என்பது யாரும் சொல்லித் தெரிந்ததல்ல, தேய்ந்து தெரிந்தது.

இங்கேதான் சின்ன ஒர்க்‌ஷாப் சறுக்கியது. புதுத் தட்டு போட்டபின் அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு ஸ்கேன் டூல் மூலம் கற்றுக்கொடுக்க வேண்டும். அவருடைய டூலில் அந்த வசதி இல்லை. "ஓட ஓட சரியாகிடும்கா" என்றார். ஆகவில்லை. ஒரு வாரம் முதல் கியரில் தவளை மாதிரி குதித்தது. கடைசியில் அதே பெரிய சர்வீஸ் சென்டரில்தான் அந்த வேலையை முடித்தேன். அரை மணி நேரத்தில், மரியாதையாக, சுத்தமாகச் செய்தார்கள். அவர்களிடம் கருவி இருக்கிறது, தேடிப் பார்க்கிற பொறுமைதான் இல்லை. இவரிடம் நேர்மாறு.

மதிப்பெண் கேட்டால், சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு 5க்கு 4, பெரியதற்கு 2. வண்டிக்கு மூன்றரை. கியர் மாறும்போது தலையாட்டுகிற அந்த இழுப்பு புதிதிலிருந்தே உண்டு, அது கோளாறல்ல, குணம்.

பழைய ஏஎம்டி வாங்க நினைப்பவர்கள் பம்ப் சத்தத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். முதல் கியரில் நடுங்கினால் விலையில் ஒரு கிளட்ச்சைக் கழித்துப் பேசுங்கள்.

என் வண்டியில் இப்போது ரிவர்ஸ் விழ ஒரு விநாடி கூடுதலாகப் பிடிக்கிறது. வியாழக்கிழமை மெக்கானிக்கிடம் விடுகிறேன். முதலில் மல்டிமீட்டரை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.