ராமநாதபுரம் கடற்கரை ஓலைப் பெட்டி: பெருநாளுக்கு எது, ஆறுதலுக்கு எது

கீழக்கரையின் தொதல் என்ற இனிப்பைக் கொட்டானில், அதாவது சின்ன ஓலைப் பெட்டியில், வாங்கினால், தொதல் தீர்ந்த பிறகும் கொட்டானைத் தூக்கிப் போட மனசு வராது. ஊசி நூலோ ஏலக்காயோ அதற்குள் இடம் பிடித்துக்கொள்ளும். நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ், பொங்கல் என எதற்கும் கொடுக்கலாம். உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போகும்போதும் கையில் எடுத்துப் போகலாம். இந்தக் கரையில் கைவேலைப் பொருள் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், பனையோலைப் பெட்டியைத்தான் சொல்வோம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

பலரும் நிறத்தைப் பார்த்து எடுக்கிறார்கள். விளிம்பைப் பார்த்து எடுங்கள். மட்டையின் உட்புறத்திலிருந்து உரித்த அகணி நாரை வளையமாக வைத்து, மேலே மெல்லிய ஓலை வாரைச் சுற்றித் தைத்த பெட்டி பல வருஷம் உழைக்கும். அவசர வேலையில் அகணிக்குப் பதிலாக நைலான் நூல் ஓடியிருக்கும். ஓலை காயக் காயச் சுருங்கும், நைலான் சுருங்காது. தையல் தளர்ந்து பெட்டியின் வாய் கோணிக்கொள்ளும். மூடியைக் கழற்றி, விளிம்பைக் கட்டைவிரலால் உள்பக்கம் அழுத்தி விடுங்கள். உடனே பழைய வடிவத்துக்கு வர வேண்டும். அடுத்து மூலை. வார் மடங்குகிற இடத்தில் வெளிறிய கீறல் தெரிந்தால், ஓலையைத் தண்ணீரில் ஊறவைக்காமல் மடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலில் ஒடியப்போவது அந்த இடம்தான்.

மூடி, பெட்டியைக் கவிழ்த்தால் விழக் கூடாது. இரண்டு விரலால் இழுத்தால் வர வேண்டும். சித்திரை வெயிலில் இறுக்கமாக இருக்கிற மூடி, ஐப்பசி மழையில் ஓலை உப்பித் திறக்கவே வராது.

விலை ஏன் இவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 10 செ.மீ. சதுர அடிப்பாகத்தை 1 செ.மீ. வாரில் முடைந்தால், குறுக்கும் நெடுக்கும் 10 வார்கள், 100 பின்னல். அதையே அரை செ.மீ. வாரில் முடைந்தால் 400 பின்னல். ஈர்க்கை நீக்கி, வார்களை ஒரே அகலத்தில் கிழித்தெடுப்பது தனி வேலை. ஒரு வார் பிசகினாலும் வரிசை முழுக்கச் சாயும். நல்ல வேலைக்குப் பேரம் பேசாதீர்கள்.

பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் சிவப்பு, பச்சை, ஊதா போட்ட பெட்டி அழகுதான். கொதிக்கிற சாயத்தில் குருத்தோலையைப் போட்டெடுத்து, அலசுகிற தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலச வேண்டும். அதை விட்டால் சாயம் இறங்கும். ஈரமான வெள்ளைத் துணியால் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் வைத்துவிடுங்கள். சாயம் ஏறாவிட்டாலும் தின்பண்டத்தை நேரடியாக வைக்காதீர்கள். தொதலில் தேங்காய் எண்ணெய் கசியும், ஓலை அதைக் குடித்துச் சிக்கு வாடை அடிக்கும். எண்ணெய்த்தாள் இரண்டு மடிப்பு விரித்து வைத்தால் போதும்.

துக்க வீட்டுக்கும் நோயாளிக்கும் சாயமே வேண்டாம். வெளிர்மஞ்சள் குருத்தோலைப் பெட்டியில் பனங்கற்கண்டு வைத்துக் கொடுங்கள். அதன் வாசமே இதமாக இருக்கும். சர்க்கரை நோய் இருக்கிறவர் என்றால் பனங்கற்கண்டும் கூடாது, உலர்ந்த சுக்கு வையுங்கள். இன்னும் நல்லது ஒரு விசிறி. கரண்ட் போன ராத்திரியில் படுக்கையில் கிடக்கிறவருக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது. வாங்கும்போது பிடியைத் தடவிப் பாருங்கள். பனை மட்டையின் இரு ஓரத்திலும் ரம்பப் பல் மாதிரிக் கருக்கு இருக்கும். அதைச் சரியாகச் சீவாத விசிறி கையைக் கிழித்துவிடும்.

பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் வாங்குகிற ஓலைக் கிலுகிலுப்பையில் ஒன்றைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்: உள்ளே என்ன போட்டிருக்கிறது? குன்றிமணி என்றால் வாங்கவே வேண்டாம். அது கொடிய விஷம், கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சின்னக் கூழாங்கல் போட்டு, பின்னல் வழியாக வெளியே வராதபடி நெருக்கமாக முடைந்தது, சாயம் போடாதது, அதுதான் குழந்தை வாயில் வைக்கத் தகுந்தது.

ராமேஸ்வரத்தில் சிப்பி, சங்குப் பொருட்களும் நிறைய இருக்கின்றன. சிப்பி ஒட்டிய கண்ணாடிச் சட்டம் வாங்கினால் பசையைக் கவனியுங்கள். சாதாரண வெள்ளைப் பசை கடற்காற்றின் ஈரத்தில் இளகி, சிப்பி ஒவ்வொன்றாக உதிரும். பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, விரல் விரலாக நீண்ட ஐவிரல் சங்கு ஆகியவற்றை யார் நீட்டினாலும் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001 முதல் இருப்பவை இவை. எதிரிலேயே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள். அங்கே உயிரோடு இருக்க வேண்டியதைப் பரிசாகக் கொடுக்க வேண்டாமே.

ஓலைப் பொருளுக்குப் பெரிய எதிரி பூஞ்சணம். தீபாவளியும் கிறிஸ்துமஸும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவதால், முழுக்கக் காயாத பெட்டியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி விற்பது நடக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மக்கல் வாடை வந்தால் வேண்டாம். வெள்ளைப் பூச்சு மட்டும் என்றால் உலர்ந்த துணியால் துடைத்து, இளவெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் போய்விடும். கரும்புள்ளி நாருக்குள் இறங்கியிருந்தால் போகாது. வீட்டில் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம்.

மொத்தமாக வேண்டுமென்றால் புரட்டாசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வெயில் இருக்கும்போது காய்ந்த ஓலைதான் நிறம் மங்காமல் இருக்கும். போகும்போது உள்ளே வைக்கப்போகிற பொருளையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘கால் கிலோ பெட்டி’ என்று மட்டும் சொன்னால், கால் கிலோ கற்கண்டு பிடிக்கிற பெட்டியில் கால் கிலோ முறுக்கு அடங்காது.