லீனியா டி-ஜெட்டுக்கு ஆயில் கூலர்: கிருஷ்ணகிரி பாய் கடைல மாட்டுன அனுபவம்

நம்ம வண்டி 2014 ஃபியட் லீனியா டி-ஜெட், 1.4 டர்போ பெட்ரோல். கம்பெனில இருந்து வரும்போது 114 குதிரை, நான் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தி பவர் ஏத்துறது) பண்ணி வெச்சிருக்கேன், இப்ப எவ்ளோன்னு டைனோல, அதான் பவர் அளக்குற மெஷின்ல, ஏத்திப் பாக்கல அதனால பீத்திக்க மாட்டேன். ரீமேப்புக்கு அப்புறம் வண்டி பறக்குது ஆனா சூடும் சேந்தே வருது, அது எனக்கு ரொம்ப நாள் தெரியவே தெரியாது, ஏன்னா டேஷ்ல இருக்குற டெம்பரேச்சர் முள்ளு காட்டுறது தண்ணியோட சூடு, ஆயில் சூடு இல்ல. தனியா ஒரு ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் வாங்கிப் போட்ட அப்புறம் தான் வயித்துல புளிய கரைச்சுது. போன மே மாசம் சேலம் போயிட்டு திரும்பி வரும்போது தொப்பூர் ஏத்தத்துல லாரிங்கள தாண்டித் தாண்டி தேர்டு கியர்லயே மிதிச்சேன், தண்ணி முள்ளு நடுவுல ஜம்முனு நிக்குது, ஆயில் 121 டிகிரி. கோயம்புத்தூர் காரி ட்ராக்ல ஒரு நாள் ஓட்டுனப்ப நாலாவது ரவுண்டுலயே 132 காட்டுச்சு, பயந்து போயி ட்ராக் ஓரம் வண்டி நிறுத்துற பிட்டுக்குள்ள வந்துட்டேன். இந்த இன்ஜின்ல ஆயிலே சுமார் 3 லிட்டர் தான், அதே ஆயில் தான் டர்போவுக்குள்ளயும் போயி வருது, பின்ன சூடாகாம என்ன பண்ணும்.

அதனால ஆயில் கூலர், அதாவது ஆயிலுக்குன்னு தனியா ஒரு குட்டி ரேடியேட்டர், போடலாம்னு முடிவு பண்ணேன். பாய் கடைக்கு முன்னாடி நடந்த கூத்தையும் சொல்லிடறேன். மொதல்ல பெங்களூர்ல ஒரு பெரிய கடை, ஏசி ரூம்ல உக்கார வெச்சு காபி எல்லாம் குடுத்தாங்க, பேரு வேணாம். தெர்மோஸ்டாட் (ஆயில் சூடான அப்புறம் தான் கூலருக்கு வழி விடுற வால்வு) இல்லாத சாண்ட்விச் பிளேட் (இன்ஜினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவுல மாட்டி ஆயில கூலருக்கு அனுப்புற தட்டு) ஒண்ணு போட்டு, கூலர ரேடியேட்டருக்கு நேர் முன்னாடி ஜிப் டை போட்டு கட்டி அனுப்பிட்டாங்க. ஆமா, ஜிப் டை. டிசம்பர் மாசம் காலைல ஓசூர் வேலைக்கு போறப்ப ஆயில் 65 டிகிரிய தாண்டவே இல்ல. ஜில்லுனு இருந்தா நல்லது தானன்னு நானும் நெனச்சேன், ரெண்டு மாசம் கழிச்சு ஆயில் மூடிய தொறந்தா உள்பக்கம் டீ மேல ஏடு படிஞ்ச மாதிரி வெளுப்பா ஒட்டிட்டு இருக்கு. ஆயில் நல்லா சூடானா தான் உள்ள சேர்ற ஈரமும் பெட்ரோலும் ஆவியா போகும், இல்லன்னா அப்படியே தங்கி ஆயில கெடுக்கும். கெட்டியான ஆயில்ல ஓடுனா இன்ஜின் தேய்மானமும் ஜாஸ்தி. காசு குடுத்து வம்பு வாங்குன கதை.

அப்புறம் தான் ஃப்ரெண்டு ஒருத்தன் இங்க நம்ம ஊர்லயே பழையபேட்டை பக்கம் பாய் ஒருத்தர் இருக்காரு போயி பாருன்னான். போர்டு கூட இல்லாத ஷெட்டு, வாசல்ல மாங்கா லோடு ஏத்துற பொலேரோ ரெண்டு நிக்குது, இவரா டர்போ வண்டில கை வைக்கப் போறாருன்னு எனக்கு டவுட்டு. கூலர் மாத்தணும் பாய்னு சொன்னதுக்கு அவரு பானட்டே தொறக்கல, "தம்பி மொதல்ல ஆயில் எவ்ளோ சூடாகுது, எந்த ரோட்டுல, எத்தன நிமிஷம் மிதிச்சா, அத சொல்லு"ன்னாரு. நான் ட்ராக் கதைய சொன்னதும் தான் சரி போடலாம்னாரு. டவுனுக்குள்ள ஓட்டுறவனுக்கு இது தேவையே இல்ல, நல்ல ஆயில் ஊத்தி நேரத்துக்கு மாத்துனா போதும்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. எனக்கு அங்கயே ஆள புடிச்சு போச்சு. இன்ஜின் சீஸ் ஆன வண்டில இருந்து கழட்டுன கூலர் ஒண்ணு சும்மா கெடைக்குதுன்னு கேட்டதுக்கு ஒரே திட்டு. பேரிங் தேஞ்ச தூள் அந்த சந்து சந்துல போயி உக்காந்திருக்கும், எத்தன தடவ கழுவுனாலும் முழுசா போகாது, உன் இன்ஜினையும் சேத்து முடிச்சிடும்னாரு.

சாமான் எல்லாம் நான் தான் வாங்கிக் குடுத்தேன், மோக்கல் கம்பெனி 13 ரோ (13 வரிசை) கூலர், தெர்மோஸ்டாட் வெச்ச சாண்ட்விச் பிளேட், ஏஎன்-10 சைஸ் ஓஸு. பிளேட்ட கையில வாங்குன உடனே பாய் பண்ணுன வேல இருக்கே, டீ போடுற கெட்டில்ல தண்ணி சூடு பண்ணி, பிளேட்ட கம்பில கட்டி உள்ள விட்டு, பக்கத்துல தெர்மாமீட்டர் வெச்சு குனிஞ்சு பாத்துட்டே இருந்தாரு. 80 டிகிரி தாண்டுனதும் நடுவுல இருக்குற தெர்மோஸ்டாட் ஊசி மெதுவா நாக்கு நீட்டுற மாதிரி நகர ஆரம்பிச்சுது. "வேல செய்யுது, போலாம்"னாரு. அப்புறம் பழைய ஃபில்டர கழட்டிட்டு இன்ஜின்ல அது உக்கார்ற எடத்துல விரல சுத்தி சுத்தி தடவுனாரு, எதுக்கு பாய்னேன், பழைய வாஷர் ஒட்டிட்டு இருந்தா அதுக்கு மேல இன்னொரு வாஷர் உக்காந்து ஓடும்போது பிச்சுக்கிட்டு ஆயில் மொத்தமும் ரோட்டுக்கு வந்துடுமாம். பிளேட் போட்டதுல ஃபில்டர் ஒரு இஞ்ச் வெளிய தள்ளிடுச்சு, அதனால குட்டை ஃபில்டர் தேட வேண்டியதா போச்சு, ஒரு நாள் அதுலயே போச்சு. வாங்குறவங்க ஃபில்டர் மரைய மொதல்ல பாத்துக்கோங்க, முக்கால் இஞ்ச் (இஞ்சுக்கு 16 சுத்து) மரையும் 20 மில்லிமீட்டர் (1.5 மில்லிமீட்டருக்கு ஒரு சுத்து) மரையும் பாக்க ஒண்ணு போலயே இருக்கும், மாத்தி ஏத்துனா மரை போச்சு.

கூலர ரேடியேட்டர் முன்னாடி வைக்கல, ஏசி கண்டென்சருக்கு போற காத்த மறைக்கும்னு சொல்லி பம்பர் இடது மூலைல சக்கரத்துக்கு முன்னாடி ரப்பர் புஷ் வெச்சு தொங்க விட்டாரு, ஓஸு மாட்டுற வாய் ரெண்டும் மேல் பக்கம், அப்ப தான் உள்ள காத்து தங்காது. அலுமினிய தகடு மடக்கி காத்துக்கு வழி பண்ணாரு. அதோட விடல, வீல் லைனர்ல (சக்கரத்த சுத்தி இருக்குற பிளாஸ்டிக் மறைப்பு) பின்னாடி ஒரு ஓட்டை வெட்டி வலை அடிச்சாரு, "காத்து உள்ள போனா மட்டும் பத்தாது தம்பி, வெளிய போக வழி வேணும்". ஓஸு சப்ஃப்ரேம் (இன்ஜினுக்கு அடில இருக்குற இரும்பு சட்டம்) கிட்ட போற எடத்துல எல்லாம் ரப்பர் வெச்ச கிளாம்பு, ரெண்டு எடத்துல பழைய ஓஸ கிழிச்சு மேல உறையா போட்டிருக்காரு. பெங்களூர்காரங்க போட்ட ஓஸு அதே எடத்துல தான் உரசி பின்னல் பிரிஞ்சு கெடந்துச்சு, கையில புடிச்சு காட்டுனாரு, இன்னும் ஒரு மாசம் ஓட்டிருந்தா நடுரோட்டுல நின்னிருப்பேன்.

ஆயில் ஊத்திட்டு நேரா ஸ்டார்ட் பண்ணல. இன்ஜின் பத்தாம ஆயில் மட்டும் ஏறட்டும்னு ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸ புடுங்கிட்டு, ஆயில் லைட் அணையுற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிச்சாரு, அப்புறம் தான் ஃப்யூஸ். தெர்மோஸ்டாட் தொறந்து கூலர் நெறஞ்ச அப்புறம் குச்சி எடுத்துப் பாத்தா லெவல் எறங்கி இருந்துச்சு, இன்னும் அர லிட்டருக்கு மேல ஊத்துனோம். நைட் ஃபுல்லா அடில அட்டைப்பெட்டி கிழிச்சுப் போட்டு நிறுத்தி, காலைல அட்டைய வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு தான் சாவி குடுத்தாரு.

ரிசல்ட்டு: அதே தொப்பூர் ஏத்தம், அதே மாதிரி மிதி, 104. காலைல ஓசூர் போறப்ப 15 நிமிஷத்துல 90 வந்துடுது, அதுக்கப்புறம் 95 கிட்டயே நிக்குது. ட்ராக் இன்னும் போகல.

கொறை இல்லாம இல்ல. ரெண்டு நாள்னு சொல்லி அஞ்சு நாள் ஆக்கிட்டாரு, நடுவுல பொலேரோ வந்தா என் வண்டிய அப்படியே விட்டுட்டு அங்க போயிடுவாரு. மூணு வாரம் கழிச்சு ஒரு ஃபிட்டிங்ல ஆயில் கசிவு, போயி காட்டுனேன், அலுமினியம் மரை ஜாஸ்தி இறுக்கினா போயிடும்னு பயந்து கொஞ்சம் லூசா விட்டுட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டு காசு வாங்காம சரி பண்ணாரு. பம்பர் கிளிப் ரெண்டு தொலைச்சது தொலைச்சது தான், இன்னும் வரல, ஃபியட் கிளிப்புக்கு நான் எங்க போவேன். கூலி 6,500, சாமான் ஆயில் எல்லாம் சேத்து எனக்கு 45 ஆயிரம் கிட்ட ஆச்சு. பில்லுன்னு கேட்டா நோட்டு பேப்பர்ல எழுதித் தருவாரு.

வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு, டைமுக்கு ரெண்டு. ஃபோன் அடிச்சா எடுக்க மாட்டாரு, நேர்ல தான் போகணும், வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போயிடாதீங்க, ஷட்டர் எறக்கி இருக்கும்.