நானுஓயாக் குளிரில் ஒயில் உறிஞ்சும் பம்ப்: ஒன்றரை வருடம் பாவித்த அனுபவம்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தால் கீழ் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வரை உருண்டு போய்த்தான் நிற்கும். மலையகத்தில் பாதி வீடுகள் இப்படித்தான், கார் நிறுத்த மட்டமான இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அந்தச் சரிவில் ஜாக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அடியில் படுத்து மூன்று தடவை நானே எஞ்சின் ஒயில் மாற்றியிருக்கிறேன். மூன்றாவது தடவை கல் லேசாக நகரும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவன் திரும்ப அடியில் போகவே இல்லை.

சரி, சேர்விஸுக்கே விடுவோம் என்று விட்டால், அங்கே சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தட்டு) நட்டை அளவுக்கு மேல் இறுக்கி மரையைத் தேய்த்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வாசலில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு வட்டம். அதைச் சரிசெய்ய ஒரு நாள் வேலையும் போனது, காசும் போனது. அதற்குப் பிறகுதான் கொழும்புக்குப் போன ஒரு நாள் பஞ்சிகாவத்தையில் 18,500 ரூபாய் கொடுத்து இந்தப் பம்பை வாங்கினேன்.

சாமான் எளிமையானது. 6.5 லீட்டர் பிளாஸ்டிக் தொட்டி, மேலே சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பிடி, பக்கத்தில் குழாய், கூடவே மெல்லியதும் தடித்ததுமாக மூன்று குழாய்கள். கரண்ட் வேண்டாம். ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவி எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகக் குழாயை சம்ப் அடி வரை இறக்கி, கைப்பிடியைப் பத்துப் பதினைந்து தடவை அடித்தால் ஒயில் ஏறி வரத் தொடங்கும். ஒயில் ஊற்றும் மூடியையும் திறந்து வைக்க வேண்டும், காற்று உள்ளே போகட்டும். நட்டைத் தொட வேண்டியதில்லை, கீழே உள்ள பிளாஸ்டிக் கவரைக் கழற்றிக் கிளிப்புகளை உடைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை.

ஆனால் முதல் நாளே ஒரு பாடம் கிடைத்தது. என்னுடையது டொயோட்டா அக்சியோ, 1NZ எஞ்சின். ஃபில்டரோடு மாற்றினால் 3.7 லீட்டர், ஃபில்டர் இல்லாமல் 3.4. குழாயை இறக்கினேன், எதிலோ முட்டியது, அடி தட்டிவிட்டது என்று நினைத்துப் பம்ப் அடித்தேன். நன்றாகத்தான் வந்தது, கொஞ்ச நேரத்தில் கொர் கொர் என்று காற்று இழுக்கும் சத்தம். முடிந்தது என்று புது ஒயில் கேனைத் திறந்துவிட்டேன். ஏதோ மனசு கேட்காமல் தொட்டியில் உள்ள கோட்டைப் பார்த்தால் 2.4 தான்! ஒரு லீட்டர் பழைய ஒயில் உள்ளேயே இருக்கிறது. அதன் மேல் 3.4 ஊற்றியிருந்தால் அளவு மிஞ்சி, ஒயில் நுரைத்து, சீல் வழியாகக் கசியத் தொடங்கியிருக்கும். குழாய் சம்புக்குள் சுருண்டு மேலே நின்றிருக்கிறது. வெளியே எடுத்து, டிப் ஸ்டிக்கைப் பக்கத்தில் வைத்து அளந்து, அதைவிட இரண்டு விரல் கூடுதலான இடத்தில் குழாயில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றினேன். மறுபடி மெதுவாகத் திருகித் திருகி இறக்கினேன், டேப் ஓட்டை வாயைத் தொட்டது. அப்புறம் அடித்ததில் 3.2 வரை வந்தது.

அதையும் நம்பாமல் அடுத்த தடவை ஒரு நண்பரின் கராஜில், குழியின் மேல் காரை நிறுத்தி முதலில் பம்பால் உறிஞ்சிவிட்டு, பிறகு சம்ப் நட்டைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான் வடிந்தது. என் காருக்கு அது போதும். உங்கள் எஞ்சினில் டிப் ஸ்டிக் குழாய் சம்பின் ஆழமான இடத்துக்குப் போகாமல் இருக்கலாம், அதனால் முதல் தடவை இப்படி ஒரு சோதனை செய்தே ஆகவேண்டும். எப்போதும் எடுத்த அளவைத்தான் திரும்ப ஊற்ற வேண்டும், புத்தகத்தில் போட்ட அளவை அல்ல. கடைசியில் டிப் ஸ்டிக் பார்க்கும்போது கார் மட்டமான இடத்தில் நிற்க வேண்டும். நான் ஸ்டேஷன் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கிறேன், எங்கள் வாசலில் பார்த்தால் பொய்தான் சொல்லும்.

இனி நமக்கே உரிய விஷயம். கொழும்பில் இருக்கும் மச்சான் இதை இரவல் வாங்கித் தன் அக்சியோவில் பாவித்துவிட்டு, "ஏழெட்டு நிமிஷத்துல முடிஞ்சுது, நீங்க ஏன் அரை மணி நேரம்னு சொல்றீங்க?" என்று கேட்டார். பம்பில் குறை இல்லை. இது ஒயிலை இழுப்பதாகத் தெரிந்தாலும், உண்மையில் பம்ப் தொட்டிக்குள் காற்றைக் குறைக்க, வெளியில் உள்ள காற்றுதான் ஒயிலைக் குழாய்க்குள் தள்ளுகிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நானுஓயா கொஞ்சம் கீழே, ஆனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு நம் குளிர். தை மாதக் காலையில் ஒயில் பாகு மாதிரி நிற்கும், அதை மெல்லிய குழாயில் ஏற்றப் பார்த்தால் கை வலிதான் மிச்சம். இப்போது நான் டவுனுக்குப் போய் ஒரு சுற்று வந்து, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டுத்தான் தொடங்குகிறேன். கொதிக்கக் கொதிக்க எடுக்கக் கூடாது, குழாய் இளகிச் சப்பிப்போகும். இப்படிச் செய்தால் பதினைந்து நிமிடத்தில் முடிகிறது, நடுவில் ஒரு தடவை மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும்.

குறைகள் என்றால், தொட்டியில் உள்ள அளவுக் கோடுகள் மங்கல், நான் மார்க்கரால் மேலே எழுதிக்கொண்டேன். குழாய் சேரும் இடத்து ரப்பர் வளையம் ஆறு மாதத்தில் காற்று விடத் தொடங்கியது, கொஞ்சம் கிரீஸ் பூசியதும் நின்றது. பெரிய குறை ஃபில்டர்தான். என் காரில் அது கீழிருந்து கழற்றும் இடத்தில் இருக்கிறது, பம்ப் அதற்கு ஒன்றும் செய்யாது. மேலிருந்தே ஃபில்டர் மாற்றக்கூடிய எஞ்சின் உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்கு இது முழு வேலையையும் முடித்துக் கொடுக்கும். நான் ஒரு தடவை வீட்டில் பம்பால், அடுத்த தடவை கராஜ் குழியில் ஃபில்டரோடு என்று மாற்றி மாற்றிச் செய்கிறேன்.

குழிக்குப் போவதை நிறுத்தாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தோட்டத்து ரோட்டில் கல் அடித்து சம்ப் நசுங்குவது நம் எல்லோருக்கும் நடப்பது. மேலிருந்தே ஒயில் மாற்றிக்கொண்டிருந்தால் கீழே என்ன அடி, என்ன கசிவு என்று தெரியாமலே போகும். போன மழைக்காலத்தில் முன்சக்கரத்து அச்சு மூட்டை மூடும் ரப்பர் பூட் ஒன்று கிழிந்திருந்ததைக் குழியில்தான் கண்டோம்.

பழைய ஒயில் விஷயத்தில் இந்தப் பம்ப் எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. முன்பு பேசினில் பிடித்துக் கேனுக்கு மாற்றும்போது எப்படியும் கொஞ்சம் வாசலில் சிந்தும், மழை வந்தால் அது கானுக்கு (வடிகாலுக்கு) போகும். எங்கள் கானுக்குக் கீழேதான் பீலி (ஊற்றுத் தண்ணீர் குழாய்), அங்கேதான் கீழ் லயத்துச் சனம் குடிக்கத் தண்ணீர் பிடிக்கிறது. அதைத் தாண்டிப் போனால் நானு ஓயா ஆறு, கொத்மலை ஓயா, பிறகு மகாவலி. இப்போது ஒயில் மூடிய தொட்டியிலேயே இருக்கிறது, அப்படியே கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய ஒயில் சேர்க்கும் பீப்பாயில் ஊற்றிவிடுகிறேன். ஒரு சொட்டு மண்ணில் விழவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் வரும் சனிக்கிழமை தன் டீசல் வேனுக்குக் கேட்டிருக்கிறார். தொட்டி கொள்ளும். குழாயில் அவருடைய டிப் ஸ்டிக் அளவுக்கு மஞ்சள் டேப் ஒன்று சுற்ற வேண்டும்.