காரைக்குடியில் காசு கேட்காத இடங்கள்

சிங்கப்பூரில் குடியேறிப் பதினான்கு வருடங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று எங்கள் வீட்டில் விவாதமே கிடையாது, தாவரவியல் பூங்காதான். காலை ஐந்து மணிக்குத் திறந்தால் நள்ளிரவு வரை மூட மாட்டார்கள். உள்ளே இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். மற்றபடி புல்லில் பாயை விரித்து நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. தாவரவியல் பூங்கா 1859இல் உருவானது. நகரத்தார், அதாவது எங்கள் பக்கத்துச் செட்டியார்கள், அங்கே டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் எழுப்பியதும் அதே வருடம்தான். இதை அம்மாவிடம் சொன்னபோது, "முருகனுக்குப் பூ வேண்டுமே, அதற்குத்தான் தோட்டம் போட்டிருப்பார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

டிசம்பர் விடுமுறையில் மகளுடன் மூன்று வாரம் காரைக்குடியில் இருந்தேன். மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையையும் மூட்டுவலிக்கார அம்மாவையும் ஒன்றாக வெளியே கூட்டிப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் இரண்டு நாள் எல்லோரையும் போல நகரத்தாரின் பெரிய வீடுகளைப் பார்த்தோம். நுழைவதற்கு ஒரு கட்டணம், சில இடங்களில் படம் எடுக்க இன்னொன்று. குறை சொல்ல மாட்டேன். அத்தனை தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் துடைத்து வைக்க ஆள்கூலி கொடுக்க வேண்டாமா? ஆனால் மகளுக்கு மூன்றாவது வீட்டில் கால் வலித்தது. "ஓடுகிற மாதிரி இடம் எதுவும் இல்லையா அப்பா?" என்றாள்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. நான் படித்த காலத்தில் அங்கே கருவேல முள்தான் இருந்தது. காலை பதினொரு மணிக்குப் போனோம். பூட்டு. சுவரோரம் வேப்ப நிழலில் உட்கார்ந்திருந்த காவலர், "நாலு மணிக்குத்தான் திறப்போம் அண்ணே" என்றார். பூங்காவுக்கு மதியத் தூக்கம் உண்டு என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. வெயில் ஏறிய பிறகு யார் வரப்போகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. வெயிலுக்கு ஒதுங்கத்தானே மரம் வைத்தீர்கள் என்பது என் கணக்கு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காலை ஏழு மணிக்குள்ளோ மாலையிலோ போவதுதான் புத்திசாலித்தனம்.

நாலு மணிக்குப் போனபோது அது வேறு உலகம். எட்டு வடிவில் கூழாங்கல் பதித்த நடைபாதை ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் வெறுங்காலோடு அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். நானும் இறங்கினேன். மூன்றாவது சுற்றில் உள்ளங்கால் எரிந்தது. எழுபது வயதுக்காரர் ஒருவர் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். உடற்பயிற்சிக் கருவிகளில் பாதி நன்றாக ஓடுகின்றன, மீதி கீச்சிடுகின்றன. ஊஞ்சலுக்கு வரிசை நிற்பதில்லை. உரக்கக் கத்துகிறவருக்கே முதலிடம். சிங்கப்பூரில் வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளை அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு அவளும் கத்தக் கற்றுக்கொண்டாள். வாசலில் வாங்கிய சுண்டல்தான் அன்றைய மொத்தச் செலவு.

கழிப்பறை மட்டும் வெளியே புதுப் பெயின்ட், கதவில் பழைய பூட்டு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாதியிலேயே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. வயதானவர்கள் பூங்காவுக்கு வருவதும் வராததும் இந்த ஒரு பூட்டைப் பொறுத்தது. ஊஞ்சல் கீச்சிடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

குன்றக்குடி மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு நகரப் பேருந்தில் போனோம். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் இலவசம், நான் மட்டும் காசு கொடுத்தேன். "அப்பா மட்டும்தான் விருந்தாளியா?" என்று மகள் சிரித்தாள். மலையேற அம்மாவால் முடியவில்லை. அடிவாரக் குடைவரையின் குளிர்ச்சியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம்.

வேட்டங்குடிக்கு மட்டும் தம்பியின் காரில் போனோம். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயை ஒட்டிய பறவைகள் சரணாலயம் அது, 1977இல் அறிவிக்கப்பட்டது. எங்களிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களின் மேல் நத்தைகுத்தி நாரைகள் துணி காயப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தன. பறவைகள் பயந்துவிடும் என்று அந்தக் கிராமத்தார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சொன்னதும் மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அன்று முழுக்கக் கிசுகிசுப்புதான்.

இந்தப் பயணத்தில் நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது ஊருணிக் கரையில். ஆறு ஓடாத சீமை இது. பெய்கிற மழையை வரத்துக்கால் வழியே இழுத்து, நான்கு பக்கமும் செம்புறாங்கல் கட்டிய குழியில் நிறுத்தி, வருடம் முழுக்கக் குடித்தார்கள். பல ஊருணிகளை வெட்டுவித்தவர்கள் நகரத்தார், குடித்தது ஊர். நாங்கள் போனது ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த நேரம், மேல்படி வரை தண்ணீர். மகள் செருப்போடு இறங்கி ஒரு காலை நனைக்கப் போனாள். குடத்துடன் வந்த ஆச்சி ஒருவர், "காலை எடு ஆத்தா, குடிக்கிற தண்ணீர்" என்றார். அதட்டல் இல்லை, ஆனாலும் மகள் சட்டென்று செருப்பைக் கழற்றி மேல்படியில் வைத்தாள். ஒரு பலகையும் இல்லை, காவலரும் இல்லை.

"மெக்ரிட்சி மாதிரி" என்றாள் என்னிடம். யோசித்துப் பார்த்தால் சரிதான். சிங்கப்பூரில் 1868இல் கட்டி முடித்த மெக்ரிட்சியும் குடிநீர்த் தேக்கம்தான். அதைச் சுற்றித்தான் பிறகு பூங்கா வந்தது. அங்கேயும் தண்ணீரில் இறங்கி நீந்த முடியாது. இத்தனை வருடம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எல்லா ஊருணியும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு தெரு தள்ளி இருப்பதில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் மிதக்கின்றன. அம்மாவுக்குப் படியில் உட்கார முடியாது. எதிர்வீட்டார் திண்ணையைக் காட்டி "இங்கே வந்து உட்காருங்கள் அயித்தை" என்றார்கள். மூன்று மாலை அந்தத் திண்ணையில்தான் கழிந்தது. காப்பியும் வந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் மறுபடி பூங்காவுக்குப் போனோம். காவலர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே, நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கதவைத் திறந்துவிட்டார். கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் அவருக்கும் தெரியவில்லை.